லைனுக்கு ஒரே அட்டை

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் கழிப்பறைக்குப் போக, சூப்பர்வைசரிடம் சிவப்பு அட்டை வாங்கிக் கழுத்தில் மாட்ட வேண்டும். லைன் முழுவதற்கும் ஒரே அட்டை.

அன்று அட்டையோடு போனவர் திரும்பவில்லை. என் பக்கத்தில் நின்ற தென்காசிப் பெண் முத்துமாரிக்குக் கண் கலங்கிவிட்டது.

“முடியல சார்.”

“அட்டை வரட்டும்மா,” என்றார் சூப்பர்வைசர்.

எதிரில் நின்ற வடக்குப்பட்டு கஸ்தூரி அக்கா, லைனை நிறுத்தும் கயிற்றை இழுத்துவிட்டார். மணி அலறியது.

“மிஷின்ல இன்னா கோளாறு?” சூப்பர்வைசர் பதறினார்.

“மிஷின் நல்லாத்தான் கீது சார். பொண்ணுக்குத்தான் ஒண்ணுக்கு முட்டுது. நீ போம்மா.”

முத்துமாரி ஓடினாள். பின்னாலேயே பாதி லைன் ஓடியது, நானும்தான்.

எத்தனையோ ஊர்களில் பசிக்கிறது என்று கூச்சமில்லாமல் கேட்டுச் சாப்பிட்டவன் நான். இதைக் கேட்க மட்டும் வாய் வரவில்லை. நினைத்தால் சூப்பர்வைசரை விட என் மேல்தான் எரிச்சல் வருகிறது.