கட்டிலுக்கு அடியில் ஒரு தண்டவாளம்

“கட்டில எடுத்துட்டா பெரிய வட்டமா போடலாம்பா” என்றாள் மகள். பிறந்தநாளுக்கு வந்த பொம்மை ரயிலுக்காக, அறைத் தரையில் சாக்பீஸால் தண்டவாளம் வரைந்துகொண்டிருந்தாள். அந்தச் சாக்பீஸ் தூளின் வாசனை என்னை நான் வளர்ந்த மரக்காணத்துக்கு இழுத்துக்கொண்டு போயிற்று.

இரண்டாயிரத்து ஐந்து. சிங்கப்பூர் மாமா எனக்கு ஒரு பொம்மை ரயில் கொண்டுவந்திருந்தார். எங்கள் சின்ன அறையில் பாதியை அம்மாவின் கட்டில் அடைத்திருந்தது. அம்மா நோயில் படுத்து மாதக்கணக்காகியிருந்தது. உப்பளத்திலிருந்து வந்த அப்பா, காலில் உப்பு பூத்திருக்க, குந்தி உட்கார்ந்து தண்டவாளத்துக்காகத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். கைப்பழக்கம், உப்புப் பாத்தி மாதிரியே நாலு மூலையும் சதுரம்.

அம்மா சிரித்தாள். “ஏங்க, ரயிலு என்ன உப்புத் தண்ணியா, மூலைக்கு மூலை திரும்புறதுக்கு? வளைச்சுப் போடுங்க. கட்டிலுக்கு அடியில வுடுங்க, நான் படுத்துக்கினே சத்தம் கேக்குறேன்.”

அப்பா அதை அழித்துவிட்டு, கட்டில் கால்களுக்கு நடுவே வளைத்து வரைந்தார். “மழ வந்து அளத்த மூடட்டும்டா, அப்புறம் வூட்லதான இருப்பேன். ரெண்டு பேரும் குந்தி தண்டவாளத்த மாட்டிடலாம்” என்றார்.

மழைக்கு முன்பே அம்மா போய்விட்டாள். கட்டிலையும் வெளியே தூக்கிவிட்டார்கள். மழை வந்தது, அளம் மூடியது, அப்பா நாள் முழுக்க வீட்டிலேயே இருந்தார். அறையில் இடம் தாராளமாக இருந்தது. கடைசிவரை ரயில் பெட்டியை அவரும் பிரிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மகள் கட்டிலை நகர்த்தப் பார்த்தாள்.

“கட்டில் இருக்கட்டும்மா” என்றேன். “அடியில வுடு.”