நிற்கவைத்து எடுத்த படம்

பொழுது இறங்க இறங்க என் எழுத்தும் கரும்பலகையில் கீழே இறங்கியது. காலையில் உச்சியில் தேதி எழுதுகிறவள், கடைசி மணிக்கு அடிச்சட்டத்தை ஒட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். "டீச்சர், மறைக்குது," என்றார்கள் பின்பெஞ்சுப் பிள்ளைகள். பாப்பாரப்பட்டியில் என் நோயை முதலில் கண்டவர்கள் அவர்கள்தான்.

அதற்கு முந்தைய ஆண்டு கீழ்முதுகில் ஃபியூஷன் (நழுவிய முதுகெலும்புகளை ஒன்றாக ஒட்டவைக்கும் அறுவை) செய்திருந்தார்கள். கால் குடைச்சல் போனது. உடம்பு முன்னால் சாயத் தொடங்கியது. முழங்காலை மடக்கினால்தான் எதிரில் இருப்பவர் முகம் தெரியும்.

அறுவை செய்த டாக்டர் ஒவ்வொரு முறையும் படுக்கச் சொல்வார். எக்ஸ்ரேயும் படுக்கவைத்தே. "அருமையா ஒட்டியிருக்கு. நீங்கதாம்மா சோம்பல்பட்டுக் குனியறீங்க," என்பார் படத்திடம். ஒட்டியது உண்மை. உள்வளைவு இருக்கவேண்டிய இடுப்பைத் தட்டையாக ஒட்டியிருந்தார். அவருடைய வெற்றியைச் சுமந்துகொண்டு நான் நடந்தேன்.

குனிந்த பெண்ணை ஊருக்கும் பிடித்துப்போனது. "ஆப்பரேசனுக்கு அப்புறந்தான் டீச்சருக்கு அடக்கம் வந்திருக்கு," என்றார் தலைமையாசிரியர். எல்லாரும் சிரித்தார்கள். என் முகம் யாருக்கும் தெரியவில்லை.

தங்கை மாதம்மாளுடன் பொம்மிடியில் ரயிலேறி மெட்ராஸ் போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா, பழக்கதோஷத்தில் மேசையில் ஏறப்போன என்னைத் தடுத்தார்.

"படுக்க வேணாம். நில்லுங்க. முட்டிய மடக்காம."

நிற்கவைத்துப் பக்கவாட்டில் எடுத்த படத்தில், சாயப்போகிற மரம்போல நான் இருந்தேன். "இத்தனை நாளா யாருமே நிக்கவெச்சுப் பாக்கலியா?" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

ஆஸ்டியோடமி (ஒட்டிய எலும்பை ஆப்புவடிவில் வெட்டியெடுத்துப் பின்னுக்கு நிமிர்த்துதல்) செய்யலாம், நரம்பில் பட்டால் இரண்டு காலும் விளங்காமல் போகலாம் என்றார்.

"வூட்டுக்குப் போயிடலாங்க்கா. குனிஞ்சாவது நடக்கறல்ல," என்றாள் மாதம்மாள்.

"சாகற வரைக்கும் உன் செருப்பையே பாத்துக்கிட்டிருக்கவா?"

"புதுச் செருப்புதான். நல்லாத்தான் இருக்கு, பாரு," என்றவள் அப்புறம் அழுதாள்.

மயக்கம் தெளிந்ததும் கால் பெருவிரலை அசைக்கச் சொன்னார்கள். அசைந்தது. பிறகு நெஞ்சிலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டு. மாதக்கணக்கில் காலம் என்பது கை எட்டாத ஓர் அரிப்பாக இருந்தது.

கட்டுப் பிரித்தபின் பழைய டாக்டரிடம் போனேன், வேண்டுமென்றே.

"படுங்கம்மா," என்றார் தலை தூக்காமல்.

"நிக்கறங்க டாக்டர். நீங்க பாருங்க."

அண்ணாந்து பார்த்தார்.

உங்களையும் படுக்கவைத்தே பார்க்கிறார்களா? எழுந்து நில்லுங்கள். காலையில் போகாதீர்கள், உடம்பு ஓய்ந்து உண்மையைச் சொல்லும் பொழுதில் போங்கள்.

என் இடுப்பு இனி மடங்காது. கீழே விழுந்த சாக்பீஸ் எனக்குத் தொலைதூரம். ஆனால் கடைசி மணி அடிக்கும்போதும் பலகையின் உச்சியில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்குச் சாயங்காலம் திரும்பக் கிடைத்திருக்கிறது.