கறுப்புக் கண்ணாடி எழுதிய குறிப்புகள்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் எச்சரிக்கை. பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

மிக்ஸி, ஃபேன், இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் என்று வீட்டுச் சாமான்கள் செய்கிற கம்பெனி அது. புதுச் சாமானின் பெட்டியைப் பிரித்ததும் தெர்மகோலுக்கு அடியிலிருந்து மடித்த காகிதம் ஒன்று விழும். எல்லோரும் அதைப் படிக்காமலே டிராயரில் செருகிவிடுவார்கள். அந்தச் செய்முறைச் சீட்டை எழுத அங்கே நான்கு பேர் இருந்தார்கள். ஃபேனுக்கு எழுதுகிறவரை ஃபேன் என்றும், மிக்ஸிக்கு எழுதுகிறவரை மிக்ஸி என்றும் கூப்பிட்டார்கள். ஹீட்டருக்கு எழுதிய பெண் மட்டும், தன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று ஒரு வாரம் சண்டை போட்டுத் தோற்றிருந்தாள்.

நம் ஆளுக்கு வாய்த்தது, எல்லாச் சீட்டுகளிலும் முக்கோணத்துக்குள் ஆச்சரியக்குறி போட்டு வருகிற பகுதி. ஈரக் கையால் தொடாதீர்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். எதையெல்லாம் செய்யக்கூடாது என்று பதினோரு வருடங்களாக ஊருக்கே சொல்லி வந்தவளுக்கு, எதிரே உட்கார்ந்திருக்கிற ஒருவரிடம் அதைச் சொல்ல மட்டும் வாய் வராது. பஸ்ஸில் யாராவது அவள் காலை மிதித்தால் அவள்தான் மன்னிப்புக் கேட்பாள். கூட வேலை செய்கிறவர்களின் பிழை கண்ணில் பட்டால், "நல்லா வந்திருக்கு. ஒரே ஒரு சின்ன சந்தேகம். தப்பா இருந்தா விட்டுடுங்க" என்பாள். அவர்களும் மறக்காமல் விட்டுவிடுவார்கள்.

அந்த நால்வருக்கும் தலைவராக இருந்தவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். நாற்காலி காலி. அச்சுக்குப் போகிற சீட்டில் யாருடைய சொல் நிற்கும் என்று தீர்மானிக்கிற நாற்காலி அது. எச்சரிக்கை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்த வழியாகத் தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் அதன் முதுகில் கைவைத்துவிட்டுத்தான் போனாள்.

அதுவரை அவர்கள் சீட்டுகளை மெயிலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 'கடைசி', 'கடைசியோ கடைசி', 'இதுதான் நிஜக் கடைசி' என்று ஒரே சீட்டுக்கு ஏழெட்டு ஃபைல்கள் இருக்கும். அந்தக் குழப்பத்தில் ஒருமுறை ஹீட்டருக்கான வரி ஃபேன் சீட்டுக்குத் தாவி, 'தண்ணீர் ஊற்றாமல் இயக்காதீர்கள்' என்று அச்சாகி, மூவாயிரம் ஃபேன்களோடு கடைகளுக்குப் போய்விட்டது. எங்கே ஊற்றுவது என்று ஒருவர் ஃபோன் செய்து கேட்ட பிறகுதான் விஷயமே தெரிந்தது.

புதிதாக வந்த மேலாளர் இதற்கு ஒரு முடிவு கட்டினார். அவர் இருந்தது வேறு ஊரில், தலைமை அலுவலகத்தில். வீடியோவில் கழுத்து வரைதான் தெரிவார். அதற்குக் கீழே இருப்பதை நம்பிக்கையில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இனிமேல் எல்லாச் சீட்டும் கிளவுடில், ஒரே ஃபோல்டரில். ஒரே ஃபைலை எல்லோரும் திறக்கலாம், திருத்தலாம், ஓரத்தில் குறிப்பு எழுதலாம். யார் எழுதியது என்று பெயரும் படமும் பக்கத்திலேயே நிற்கும். முதல் வாரம் "சார், எனக்குத் திறக்கல", "சார், பர்மிஷன் கேக்குது" என்று நாலு பேரும் மாற்றி மாற்றி அவர் உயிரை வாங்கினார்கள். பொறுமை போய், 'லிங்க் உள்ள எவரும் திருத்தலாம்' என்று ஒரே தட்டாகத் தட்டிவிட்டு, லிங்க்கைக் குரூப்பில் போட்டார்.

எச்சரிக்கையின் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர்தான் உண்டு. அது ஹாலில் மாமனாரின் ஆட்சியில் இருந்தது. அவர் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தூங்குகிற மாதிரி நடிக்கிறவனை இருட்டில்கூடக் கண்டுபிடிப்பார் என்று பெயர். கம்ப்யூட்டர் கணக்கும் அவருடையதுதான். கறுப்புக் கண்ணாடியும் முறுக்கிய மீசையுமாக, யாரையோ கையும் களவுமாகப் பிடித்துவிட்ட முகத்தோடு அதில் ஒரு படம் வைத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, அவர் நடக்கப் போயிருந்த நேரத்தில், அவள் அந்தக் கம்ப்யூட்டரில் லிங்க்கைத் திறந்தாள். மிக்ஸியின் சீட்டில், ஜாரைக் கழுவச் சொன்ன பிறகுதான் பிளக்கைப் பிடுங்கச் சொல்லியிருந்தது. இரண்டு வருடங்களில் மூன்று தடவை 'சின்ன சந்தேகமாக' அவள் கேட்டுப் பார்த்த இடம். ஓரத்தில், 'இதைப் படித்து ஜாரைக் கழுவுகிறவருக்குப் பிளக்கைப் பிடுங்க உயிர் இருக்காது' என்று எழுதினாள். அனுப்புகிற எண்ணமே இல்லை. மனசில் இருப்பதைக் கொட்டிவிட்டுப் பிறகு தேன் தடவுவது அவள் வழக்கம். ஆனால் அதற்குள் அடுப்பில் பால் பொங்கியது. ஓடுகிற அவசரத்தில் கை எதையோ அழுத்திவிட்டது.

திங்கட்கிழமை காலை மிக்ஸி வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"யாருங்க இந்தக் கறுப்புக் கண்ணாடி?"

"பாத்தாலே தெரியல? ஹெட் ஆபீஸ்தான்," என்றார் ஃபேன். "அந்த மீசை வேற எங்க இருக்கும்?"

பத்தே நிமிடத்தில் பிளக் முதலிலும் ஜார் பிறகும் வந்துவிட்டன.

எச்சரிக்கை எழுந்து மிக்ஸியின் பக்கத்தில் போய் நின்றாள். உண்மையைச் சொல்லத் திறந்த வாயை, பிளக்கும் ஜாரும் இடம் மாறியிருந்ததைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அன்று சாயங்காலம் மாமனார் செருப்பை மாட்டி வெளியே போனதும் மறுபடியும் ஹாலுக்கு வந்தாள். இந்த முறை கை தவறவில்லை.

ஆறு வாரத்தில் கறுப்புக் கண்ணாடி நாற்பது குறிப்புகள் எழுதியது. ஃபேன் சீட்டில், 'நாலாம் படியைப் படித்துவிட்டு ஃபேனை மாட்டியவர் ஐந்தாம் படியை ஆஸ்பத்திரியில்தான் படிப்பார்' என்று ஒன்று. ஹீட்டர் பெண்ணுக்கு, 'ஒரு வாக்கியத்தில் ஏழு "மற்றும்". மூச்சு விட இடம் கொடுங்கள்' என்று ஒன்று. பகலில் அலுவலகத்தில் தன் பெயரில் எழுதும்போது மட்டும் பழையபடி பூசி மெழுகினாள்.

மேலாளர் அவளைத் தனியாக வீடியோவில் கூப்பிட்டார்.

"உங்க ஆபீஸ்ல இருக்காரே அந்தப் பெரியவர், என்ன மாதிரி ஆளுங்க அவரு! எழுத்து ஒவ்வொண்ணும் சாட்டை. அவரப் பாத்து நீங்க கொஞ்சம் கத்துக்கணும்."

நால்வரும் அந்த ஆளைத் தலைமை அலுவலகத்தில் வைத்திருந்தார்கள். மேலாளர் நால்வர் பக்கத்தில் வைத்திருந்தார். ஊழியர் பட்டியல் வேறு துறையில் இருந்தது. அதைப் பார்க்க விண்ணப்பம் போட வேண்டும் என்பதால் அவர் பார்க்கவில்லை.

"சரி சார்," என்றாள் எச்சரிக்கை.

"தலைவர் போஸ்ட்டுக்கு உங்க பேரும் இருக்கு. பதினோரு வருஷம் சும்மா இல்ல. ஆனா, தப்பா நினைக்காதீங்க, அவரு இருக்கிறப்போ..."

தன்னோடு போட்டி போட்டுத் தானே தோற்கிற வித்தையை உலகத்தில் வேறு யாராவது செய்திருப்பார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் என்று முடிவு செய்து வீட்டுக்குப் போனாள்.

ஹாலில் மாமனார், மடியில் புத்தம்புது இஸ்திரிப் பெட்டியோடு, கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா. உங்க கம்பெனிச் சரக்குதான், கடையில வாங்கிட்டு வந்தேன். சீட்டுல இருக்கிற மாதிரியே செஞ்சு பாத்தேன். ஆறாவது படி வரைக்கும் தண்ணியே ஊத்தச் சொல்லல. ஆவி எங்கிருந்து வரும், என் வாயிலிருந்தா?"

"மாமா... பெட்டியில வந்தது பழைய சீட்டு. ஆறாவது படி இருக்கிற புதுச் சீட்டு இன்னும் அச்சே ஆகலையே. உங்களுக்கு எப்படி...?"

"எனக்கு மெயில் வந்துட்டே இருந்துச்சும்மா. 'ஐயா நன்றி', 'ஐயா திருத்திட்டேன்'னு. யாருன்னே தெரியாதவங்க இவ்வளவு மரியாதையா எழுதறப்போ பதில் போடாம இருக்கலாமா? ஒரு பன்னெண்டு பேருக்குப் போட்டேன்."

"மாமா!"

"அப்படியே நாலஞ்சு தப்பும் எழுதிவிட்டேன். இவ்வளவு நாளா என் பேர்ல நீ எழுதினதுக்கு நான் ஏதாவது கேட்டேனா?"

கணவனைப் பார்த்தாள். அவன் செய்தித்தாளுக்குப் பின்னால் போய்விட்டான். கதவு இல்லாத அறை அது.

அந்த வாரம்தான் அலுவலகத்தில் கொடுத்திருந்த மடிக்கணினியை அவசரமாகத் திறந்தாள். இஸ்திரிச் சீட்டில், அவளுடைய பகுதிக்குப் பக்கத்தில், மீசை சிரித்தது: 'எச்சரிக்கை எழுதியவருக்கு. மொத்தம் பதினாலு. படித்து முடிப்பதற்குள் சட்டை எரிந்துவிடும்.'

அவளுக்குக் காது சூடானது. நேரில் கேட்க முடியாது. மாமனார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தன் பெயரிலேயே தட்டினாள்: 'எதை விடுவது? கையா, சட்டையா?'

ஹாலில் விசைப்பலகை லொட்டு லொட்டென்று சத்தம் போட்டது. 'மூணாவதும் ஒன்பதாவதும் ஒன்றுதான். ஒரே பயணிக்கு எதற்கு ரெண்டு டிக்கெட்?'

'ஒன்பதாவது குழந்தைகளுக்கானது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிக்கவும்.'

'குழம்பில் உப்பு இல்லை.'

அதை மட்டும் இருவரும் அவசரமாக அழித்தார்கள். மற்றபடி ஒரு வாரம் முழுக்க அந்த வீட்டில் பேச்சு குறைந்தது, ஓரக்குறிப்பு கூடியது. பதினாலு எச்சரிக்கைகள் வெட்டுப்பட்டு ஒன்பதாகின. அவை முன்னைவிட நன்றாக இருந்தன என்பதுதான் அவளால் தாங்க முடியாத விஷயம். 'ஆரோக்கியமான விவாதம்!' என்று மேலாளர் ஓரத்தில் கைதட்டல் படம் போட்டார். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு எல்லோருக்கும் வீடியோ கூட்டம், தலைவரை அன்றே அறிவிக்கிறேன் என்றும் எழுதினார். கறுப்புக் கண்ணாடிக்கும் அழைப்பு போயிற்று. 'வருகிறேன்' என்று பதிலும் போயிற்று.

வியாழக்கிழமை முழுக்க அவள் மாமனாரிடம் கெஞ்சினாள்.

"கூப்பிட்டவங்க முகத்துல கதவச் சாத்தச் சொல்றியா? வந்து வணக்கம் சொல்லிட்டுப் போயிடறேன். அவ்வளவுதாம்மா."

வெள்ளிக்கிழமை கூட்ட அறையின் சுவரில் முதலில் மேலாளரின் கழுத்து வந்தது. பக்கத்திலேயே, அவள் வீட்டு ஹால் வந்தது. அவள் தேர்ந்தெடுத்த பச்சைத் திரைச்சீலை, அவள் துடைக்காத கடிகாரம், நடுவில் மடிப்புக் கலையாத சட்டையில் மாமனார். வீட்டுக்குள்ளே எதற்கென்று தெரியாமல் கறுப்புக் கண்ணாடி. ஃபேன் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"ஐயா, உங்கள நேர்ல பாக்க ரொம்ப சந்தோஷம்," என்றார் மேலாளர். "சுத்தி வளைக்கல. குழுவுக்கு நீங்களே தலைமை ஏத்துக்கணும்."

"அடடா," என்றார் மாமனார். மீசையைத் தடவினார். "அப்படீங்களா?" இன்னொரு தடவை தடவினார். வேண்டாம் என்கிற முகம் அதில் மருந்துக்குக்கூட இல்லை. "என்ன நேரத்துக்கு வரணும்?"

பதினோரு வருடம் அவளுக்குள் மடிந்து கிடந்த காகிதம் ஒன்று விரிந்தது.

"மாமா! வேண்டாம்னு சொல்லுங்க!"

மேலாளரின் முகத்தில் ஈயாடவில்லை.

"மாமாவா?"

"என் மாமனார் சார். நம்ம கம்பெனிக்கும் அவருக்கும் ஒரு இஸ்திரிப் பெட்டி வாங்கினதத் தவிர சம்பந்தமே கிடையாது. அந்தக் குறிப்பெல்லாம் நான் எழுதினது."

"எல்லாம் இல்ல," என்றது சுவர். "மொத நாப்பதுதான் இவ. அப்புறம் வந்த இருபத்திமூணும் நான். அந்த இருபத்திமூணுதான் சார் கொஞ்சம் காரமா இருந்திருக்கும்."

மேலாளர் தண்ணீர் குடித்தார். குடித்ததும் கோபம் வந்தது. "வெளியாள் எப்படி ஃபோல்டருக்குள்ள வந்தாரு? யாரு உள்ள விட்டது?"

"லிங்க் இருக்கிற யாரு வேணாலும் திருத்தலாம்னு நீங்கதான் சார் வச்சீங்க. இன்னிக்கும் அப்படித்தான் இருக்கு. ஹீட்டர் சீட்ட ரோட்டுல போறவர்கூட மாத்தலாம்."

சொன்னபிறகுதான் அதில் 'சின்ன சந்தேகம்' எதுவும் இல்லையே என்று அவளுக்கே தெரிந்தது. மேலாளரின் வாய் அசைந்தது. மைக்கை அணைத்துவிட்டு என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அது அவளைப் பற்றியா, தன்னைப் பற்றியா என்று யாருக்கும் கேட்கவில்லை. மைக் திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"இத்தன நாளா உங்க பேர்லயே எழுதியிருக்கலாமே?"

"எழுதினேன் சார். யாரும் படிக்கல."

ஃபேன் மெதுவாகத் திரும்பினார். "அக்கா, ஆஸ்பத்திரியில படிப்பார்னு எழுதினது... நீங்களா?"

"நான்தான். நீ 'முடிந்தது'ன்னு டிக் மட்டும் அடிச்சிருக்க. நாலாம் படிய இன்னும் மாத்தல. இன்னிக்கு மாத்திடு."

"சரிக்கா," என்றார் ஃபேன். யோசிக்காமலே வந்த 'சரி' அது. மேலாளர் சுவரிலிருந்து அதைப் பார்த்தார்.

மூன்று மாதம் சோதனை முறையில் அவளே தலைவர் என்று இழுத்து இழுத்துத்தான் அறிவித்தார். அவர் பேசி முடிக்கும்வரை மாமனார் கூட்டத்தை விட்டுப் போகவில்லை. எதை அழுத்திப் போவது என்று அவருக்குத் தெரியவில்லையாம்.

திங்கட்கிழமை எச்சரிக்கை அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் சாய்ந்தது. முதல் வேலையாக ஃபோல்டரை எல்லோருக்கும் மூடிவிட்டு, ஆள் பார்த்து ஒவ்வொருவருக்காகத் திறந்துவிட்டாள். மிக்ஸி, ஃபேன், ஹீட்டர், மேலாளர். அதோடு முடிந்தது என்று நினைத்தபோது திரையின் மூலையில் ஒரு கோரிக்கை எட்டிப் பார்த்தது. ஒருவர் உள்ளே வர அனுமதி கேட்கிறார். கறுப்புக் கண்ணாடி, மீசை.

திருத்தலாம், குறிப்பு எழுதலாம், பார்க்க மட்டும் என்று மூன்று வழிகள் இருந்தன. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாவதைத் தட்டினாள். அரை நிமிடத்தில் ஃபோன் அடித்தது.

"என்னம்மா, பாக்க மட்டும்னு வருது? பாத்துட்டுச் சும்மா இருக்கணுமா?"

"ஆமா மாமா."

"தப்பு கண்ணுல பட்டா?"

"சாப்பிடறப்போ சொல்லுங்க."

அந்தப் பக்கம் காகிதம் புரளுகிற சத்தம் கேட்டது.

"இஸ்திரிச் சீட்டு என்னிக்கு அச்சுக்குப் போகுது?"

"நாளைக்குப் பத்து மணிக்கு மாமா."

"அப்போ இன்னிக்குச் சீக்கிரம் வந்துடு. பதினோரு தப்பு இருக்கு."