அண்ணன் ஓட்டிய புல்வெட்டி வண்டி

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு நீதான் எழுத வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். அண்ணனின் கடைசி மாதங்களில் டயாலிசிஸ் நிலையத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்த களைப்பே எனக்கு இன்னும் தீரவில்லை. அழகாக எழுத வராது. தங்கை எழுதியது என்று உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் புக்கிட் மெர்தாஜாமில் பிறந்தவர். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் படிப்பைப் பாதியில் விட்டு, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தார். என்னையும் தம்பியையும் படிக்க வைத்து, எங்களுக்குத் திருமணம் முடித்த பிறகே தம் திருமணத்தைப் பற்றி யோசித்தார். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில் அண்ணியும் அவரும் எளிமையாக வாழ்ந்தார்கள். பிள்ளை இல்லாத குறையை இருவரும் வெளியே காட்டியதில்லை. கோபம் மட்டும் அண்ணனுக்கு நிறையவே உண்டு. குழம்பில் உப்பு கூடினால் வீடு அதிரும். அதை மறைத்து எழுதினால் அவரை அறிந்தவர்கள் சிரிப்பார்கள்.

அப்படிப்பட்டவர் பொறுமையாக இருந்தது மயானத்துப் புல்வெட்டி வண்டியிடம் மட்டும்தான். ஓய்வு பெற்றபின் மயானக் குழுவில் சேர்ந்தார். குழு வாங்கிய பழைய வண்டி அது. மேலே ஏறி உட்கார்ந்து ஓட்ட வேண்டும். லேசில் ஸ்டார்ட் ஆகாது. "அவசரப்படாத லா, மெதுவா வா" என்று அதனிடம் கெஞ்சுவார். "இதுல பாதி எங்கிட்ட கெஞ்சியிருந்தா நான் மகாராணி" என்பார் அண்ணி.

அண்ணனை அந்த மயானத்திலேயே அடக்கம் செய்தோம். அதன்பின் வண்டியை யாரும் எடுக்கவில்லை. ஆள் வைத்து வெட்டினாலும் மழையில் புல் முந்திக்கொண்டது. ஆண்டு நினைவு நெருங்கியபோது சமாதிக்குப் போகும் பாதையே தெரியவில்லை. அண்ணியோ கைத்தடி இல்லாமல் நடக்க முடியாதவர். "என்னைத் தூக்கிட்டெல்லாம் போக வேணாம். அவருகிட்ட நான் நடந்துதான் போவேன்" என்று சொல்லிவிட்டார்.

ஆகவே, சென்ற ஞாயிற்றுக்கிழமை நானும் தம்பியும் அண்ணியும் மயானத்துக் கொட்டகைக்குப் போனோம். அடக்கம் முடிந்த அன்று அண்ணி விரித்த அண்ணனின் துண்டு வண்டியின் இருக்கையில் அப்படியே இருந்தது. ஆயுத பூசைக்குக் குழுவினர் போட்ட மாலை காய்ந்து தொங்கியது. மூத்தவர் உட்கார்ந்த இடத்தில் மற்றவர் உட்காராத வீடு எங்களுடையது. அப்பாவின் நாற்காலியும் அப்படித்தான் கடைசிவரை காலியாகக் கிடந்தது.

தம்பி பக்கத்தில் நின்றபடி கையை நீட்டிச் சாவியைத் திருப்பினான். பேட்டரி செத்திருந்தது. சார்ஜ் செய்து மாட்டினான். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. டாங்கியில் பழைய பெட்ரோல் புளித்த வாடை அடித்தது. அதை வடித்துப் புதிதாக ஊற்றினான். கரி பிடித்த பிளக்கை மாற்றினான். காற்று வடிகட்டியில் எறும்புகள் குடியிருந்தன. அவற்றையும் காலி செய்தான். எஞ்சின் மறுபடியும் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. பட்டறைக்காரரைக் கூப்பிட்டால், நினைவு நாள் கழித்துத்தான் வர முடியும் என்றார்.

"பிளக்கும் புதுசு, பெட்ரோலும் புதுசு. இன்னும் என்னதான் வேணும் இதுக்கு?" என்று தம்பி ஸ்பேனரைக் கீழே போட்டான்.

எனக்குக் கால் கடுத்தது. ஓராண்டாக எல்லாவற்றுக்கும் நின்றுகொண்டே இருந்ததுபோல் இருந்தது. "அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. என்னால நிக்க முடியல" என்று துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு இருக்கையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அக்கா, அது அண்ணனோட எடம்."

"தெரியும்டா. கடைசியா ஒரு தடவ திருப்பு."

திருப்பினான். பிடித்துக்கொண்டது. பயந்துபோய் எழுந்தேன். உடனே நின்றது. உட்கார்ந்தேன், மறுபடி பிடித்தது. தம்பி குனிந்து இருக்கைக்கு அடியில் பார்த்தான். அங்கே ஒரு சுவிட்ச் இருந்தது. ஆள் உட்காராவிட்டால் எஞ்சின் பிடிக்காது. அண்ணன் எப்போதும் உட்கார்ந்தே ஓட்டியதால் எங்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. நாங்கள் மரியாதை என்று நினைத்ததுதான் வண்டியை ஓடவிடாமல் வைத்திருந்தது.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எறங்காதம்மா. நீயே ஓட்டு" என்றார்.

அண்ணனின் நோய்க்காலத்தில் லிஃப்ட் பழுதான நாட்களில் அவரை நாற்காலியோடு சுமந்து இறக்கிய அண்டை வீட்டாருக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், இறுதிக் காரியங்களை எடுத்துச் செய்த மயானக் குழுவினருக்கும், தொலைவிலிருந்து வந்து தோள் கொடுத்த உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நினைவு நாளில் வாருங்கள். பாதை சுத்தமாக இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் சமாதி வரை புல்லை வெட்டிக்கொண்டே போனேன். பின்னால் அண்ணி தடியை ஊன்றி நடந்து வந்தார். சமாதி முன்னால் இறங்கிக் கும்பிட நினைத்தேன். இறங்கினால் வண்டி நின்றுவிடும். அண்ணனின் இடத்தில் உட்கார்ந்தபடியே கும்பிட்டேன்.