சண்முகம் அண்ணன் சொல்ல மறுத்த சொல்

சென்ற மாதம் ஒரு காலை, நீதிமன்றத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது சண்முகம் அண்ணனின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "வணக்கமுங்க அம்மிணி" என்றது குரல். பிறகு வழக்கமான அந்தச் சிறு இடைவெளி. "சொல்லுங்கண்ணா" என்றேன்.

"அண்ணன் இல்லீங்க. நான் பிகாஷுங்க. அண்ணன் வெடியக்காலைல தூக்கத்துலயே போயிட்டாங்க."

கைபேசியைக் காதிலிருந்து எடுத்து எண்ணை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். பிகாஷ் ஒடிசாவிலிருந்து சாயப்பட்டறை வேலைக்கு வந்தவர். தமிழ் கற்றது அண்ணன் வீட்டில். அதனால் அண்ணனின் இழுப்பு, அண்ணன் மூச்சு விடும் இடம், எல்லாமே அவர் பேச்சில் இருந்தன. ஒருவர் இறந்த செய்தியை அவர் குரலிலேயே கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

நம்மில் பலருக்கு அண்ணனை மொழிபெயர்ப்பாளராகத் தெரியும். இளமையில் ஒடிசாவின் கட்டாக்கில் பனியன் ஏஜென்ட்டாக இருந்தவர். ஒடியாவையும் இந்தியையும் அங்கே கடைத்தெருவில் பழகிக்கொண்டார். ஊர் திரும்பி மண்ணரையில் சொந்தமாக, பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட் வைத்தார். அது நொடித்ததும் மெஷின்களை விற்றுவிட்டு, வீட்டின் முன்னறையிலேயே பட்டனும் ஜிப்பும் விற்க உட்கார்ந்துவிட்டார். வடக்கிலிருந்து வந்த தொழிலாளர்களுக்கு ஸ்டேஷனிலோ கோர்ட்டிலோ கம்பெனியிலோ சிக்கல் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். யூனிட் போனதில் வருத்தமில்லையா என்று ஒருமுறை கேட்டேன். "மெஷின் ஓடுனப்ப மெஷின் சத்தம் மட்டுந்தானுங்க கேட்டுது. இப்ப மனுசரு பேசறது கேக்குது. இது போதுமுங்க" என்றார். சமாதானத்துக்குச் சொன்னது போல இல்லை. வயிறு நிறைந்தவர் இலையை மூடுவது போலச் சொன்னார்.

மொழிபெயர்ப்பில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. "அவர் இப்படிச் சொல்கிறார்" என்று சொல்லவே மாட்டார். பேசுபவர் "நான்" என்றால் அண்ணனும் "நான்" என்பார். ஒரு கம்பெனி விசாரணையில் தொழிலாளி ஒருவர் மேனேஜரைப் பார்த்து ஏதோ சொல்ல, அண்ணன் அதே மேனேஜரைப் பார்த்து, "நீ பொய் பேசறே" என்றார். மேனேஜர் எழுந்துவிட்டார். "யாரைப் பாத்துப் பேசறீங்க?" அண்ணன் பதறவில்லை. "நான் பேசலீங்க, அவரு பேசறாரு. நான் பேசுனா 'ங்க' போட்டுத்தானுங்க பேசுவேன்." விசாரணை அறையே சிரித்துவிட்டது, மேனேஜர் உட்பட.

அந்தப் பிடிவாதம் ஒருநாள் எங்கள் எல்லோரையும் உறைய வைத்தது. அதைப் பற்றி ஊரில் பல விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். நான் பக்கத்தில் நின்றவள். பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

பிகாஷும் சுபலும் ஒரே ஊர்க்காரர்கள், மண்ணரையில் ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள். ஒரு மாலை மொட்டை மாடியில் இருவருக்கும் வாய்ச்சண்டை. சற்று நேரத்தில் சுபல் கீழே சந்தில் விழுந்து கிடந்தார். அருகில் உட்கார்ந்திருந்த பிகாஷ் வாயே திறக்கவில்லை. கொலை வழக்கு பதிவாயிற்று. சிறையிலும் அவர் பேசவில்லை. இலவச சட்ட உதவியில் அவருக்காக ஆஜரானேன். பேசாதவருக்கு எப்படி வாதாடுவது? போலீஸ் வரைபடத்தில் மாடியின் கைப்பிடிச் சுவர் முழுசாக இருந்தது. ஆளைத் தூக்கித் தள்ளாமல் அதைத் தாண்டி விழ முடியாது என்பது அரசுத் தரப்பு.

சாட்சிகள் முடிந்து, நீதிபதியே குற்றவாளிக் கூண்டில் நிற்பவரைக் கேள்வி கேட்கும் நாள் வந்தது. அண்ணன் கூண்டுக்கு இடப்புறம் நின்றார். மாடியில் சண்டை போட்டதாகச் சாட்சி சொல்கிறாரே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று நீதிபதி கேட்டார். அண்ணன் அதை ஒடியாவில் சொன்னார். பிகாஷ் தரையைப் பார்த்தபடி நின்றார். அப்போது அண்ணன் யாரோ அழைத்தது போலத் தலையைச் சாய்த்தார். கூண்டு இருந்த பக்கம் அல்ல. மறுபக்கம், வெறும் சுவர் இருந்த பக்கம். கொஞ்ச நேரம் கவனமாகக் கேட்டார். பிறகு நீதிபதியைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னார்:

"அவன் துணி பறந்துச்சுங்க. நான் எட்டிப் புடிக்கப் போனேன். செவுரு என்னோட வந்துருச்சுங்க. அவன் என்னைத் தள்ளலீங்க."

தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்ணின் விரல்கள் நின்றுவிட்டன. "என்னோட" என்ற சொல்லில்தான் அந்த விரல்கள் நின்றன என்பது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. கூண்டைப் பார்த்தேன். பிகாஷின் உதடுகள் ஒட்டியே இருந்தன. கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "வாய் தவறிவிட்டது போலிருக்கிறது. 'அவன் எட்டிப் பிடிக்கப் போனான், நான் தள்ளவில்லை' என்று திருத்திக்கொள்ளலாமா?"

எனக்கு மூச்சு வந்தது. "ஆமாம்" என்ற ஒரு சொல் போதும். என் கட்சிக்காரர் முதல்முறையாகப் பேசியதாகப் பதிவாகிவிடும். அண்ணனின் முகத்தில் வேர்த்திருந்தது.

"திருத்த ஒண்ணுமில்லீங்கய்யா. அவரு வாயே திறக்கலீங்க. அதை எடுத்துருங்க."

"பிறகு யார் சொன்னது?"

"தெரியலீங்கய்யா. எனக்குக் கேட்டுது. ஒடியாவுலதான் கேட்டுது. ஆனா இவரு குரல் இல்லீங்க."

யாரும் சிரிக்கவில்லை. அரசு வழக்கறிஞர் வேறு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். நீதிபதி அந்த வரிகளை நீக்கச் சொல்லி, வழக்கை ஒத்திவைத்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் அண்ணனிடம் சண்டை போட்டேன். "ஏனுங்ணா, ஒரு உசிருங்ணா! அது நெசமா இருந்தா?"

அவர் கையில் இருந்த டீ ஆடை கட்டிவிட்டது. குடிக்கவில்லை. "நெசமாவே இருக்கட்டுமுங்க. அவரு வாயில நான் வார்த்தைய வெச்சா, நாளைக்கு இன்னொருத்தரு வாயில 'நான் கொன்னேன்'னு வேற யாராச்சும் வெப்பாங்க. அதுக்கு அப்பறம் யாரு வாய நம்புறதுங்க, அம்மிணி?" பிறகு எப்போதும் சொல்வதைச் சொன்னார்: "இன்னும் முடியலீங்களே."

அதுதான் அவருடைய நம்பிக்கையின் முழு அளவு. நல்லது நடந்தே தீரும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. இன்னும் முடியவில்லை என்பார், அவ்வளவுதான்.

மறுநாள் மதியம் தனியாக அந்த வீட்டுக்குப் போனேன். நல்ல வெயில். சந்தில் ஓவர்லாக் தையல் மெஷின்களின் இரைச்சல். மாடியின் கைப்பிடிச் சுவரை நெருங்கிப் பார்த்தபோது ஒரு பகுதியின் பூச்சு மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. குனிந்து பார்த்தேன். பக்கத்து வீட்டுத் தகரக் கூரையின் கம்பியில், வெளுத்துப்போன ஒரு நீலப் பனியன் மாட்டியிருந்தது. எட்டினால் கிடைத்துவிடும் போன்ற தூரம். என்னை அறியாமல் கையை நீட்டியிருந்தேன். சுவரின் குளிர்ச்சி வயிற்றில் பட்டதும்தான் தெரிந்தது. அத்தனை வெயிலில் அந்தச் சுவர் எப்படிக் குளிர்ந்திருந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. விலகி, படியில் உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டில் பாப்பாத்தியக்கா என்பவர் காஜா பட்டன் போடும் வேலை செய்துகொண்டிருந்தார். பனியனைக் காட்டிக் கேட்டேன். "அதா, அந்தப் பையன் செத்த அன்னியிலிருந்து கெடக்குதுங்க. கொக்கி வெச்சு இழுத்தாலும் வரமாட்டீங்குது. பொழுது சாஞ்சா வாசல்ல கை நீட்டற மாதிரி நெழல் விழுகும். நான் அந்நேரம் வாசலுக்கே வர்றதில்லீங்க."

அன்று என்ன கேட்டது என்று விசாரித்தேன். "மொதல்ல செவுரு சரியற சத்தமுங்க. அதோடயே ஆளு விழுந்த சத்தம். மேலருந்து ஒருத்தரு பேரைச் சொல்லிக் கத்திட்டே இருந்தாரு. பாதிச் செங்கல்லு எங்கூட்டுப் பக்கந்தான் விழுந்துச்சு. பாருங்க, தொவைக்கிற கல்லுக்கு முட்டுக் குடுத்திருக்கறேன்." கட்டட உரிமையாளர் பயந்துபோய், போலீஸ் வரைபடம் எடுப்பதற்குள், அன்று ராத்திரியே ஆள் வைத்துச் சுவரைக் கட்டிவிட்டாராம். "போலீஸ்ல ஏனுங்க சொல்லலே?" என்றேன். "யாரும் கேக்கலீங்களே" என்றார்.

இதற்கிடையில், மொழிபெயர்ப்பாளர் பொறுப்பு போனதால் அண்ணன் சாதாரணப் பார்வையாளராகப் பிகாஷைச் சிறையில் பார்க்கப் போக முடிந்தது. வழக்கைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. கட்டாக் கடைத்தெரு, அங்கே கிடைக்கும் தயிர்வடை, இப்படியே பேசிவிட்டு வந்தார். பலமுறை போன பிறகு ஒருநாள் பிகாஷ் முதல்முறையாக வாய் திறந்தார். அவர் கேட்டது இதுதான்: "சுபலின் குரல் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?"

அன்று பிகாஷுக்குத் தமிழ் தெரியாது. நீதிமன்றத்தில் அண்ணன் சொன்னதில் ஒரு சொல்கூட அவருக்குப் புரியவில்லை. ஆனால் காதில் விழுந்தது சுபலின் குரல் என்றார். இதை அண்ணன் என்னிடம் சொன்னபோது கடைக்குள் பகல் வெளிச்சம் இருந்தது. இருந்தும் இருவரும் எழுந்து வாசலுக்கு வந்து நின்றுகொண்டோம்.

அதன் பிறகு பிகாஷ் நடந்ததை எல்லாம் சொல்லியிருக்கிறார். சண்டையின் கடைசியில் நண்பனைப் பார்த்து "செத்துப் போ" என்று கத்தியிருக்கிறார். கத்திய சற்று நேரத்தில் காற்றில் பிகாஷின் பனியன் பறக்க, சண்டையை மறந்து சுபல்தான் அதைப் பிடிக்க ஓடியிருக்கிறார். தன் வாய்தான் நண்பனைத் தள்ளிவிட்டது என்று நம்பி, அந்த வாயை மூடிக்கொண்டார் பிகாஷ். அண்ணன் அவரிடம், "சொன்னதுக்கும் செஞ்சதுக்கும் நடுவால தூரம் இருக்குது. அந்த தூரத்தை அளக்கறதுக்குத்தான் கோர்ட்டு. நீயே தீர்ப்பு எழுதிக்காதே, கண்ணு" என்றாராம்.

அடுத்த விசாரணையில் வேறு மொழிபெயர்ப்பாளர் முன் பிகாஷ் தானே பேசினார். பாப்பாத்தியக்கா எங்கள் தரப்பில் சாட்சி சொன்னார். துவைக்கும் கல்லின் அடியில் இருந்த செங்கற்களும் நீதிமன்றத்துக்கு வந்தன. பிகாஷ் குற்றமற்றவர் என்று விடுதலையானார். தீர்ப்பில் அண்ணனின் பெயர் எங்கும் இல்லை. "நல்லதாப் போச்சுங்க" என்றார் அவர். பிகாஷைத் தன் வீட்டுக்கே கூட்டிப் போய்விட்டார்.

விஷயம் வெளியே கசிந்ததும் கடைக்கு வேறு மாதிரி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். விபத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய், மகன் ஒரு வார்த்தையாவது பேசுகிறானா என்று கேட்டுச் சொல்லும்படி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அப்போது அங்கே இருந்தேன். 'நல்லா இருக்கறேன்னு சொல்றாருங்க' என்று சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும் என்றுதான் எனக்குத் தோன்றியது. அண்ணன் தலையைச் சாய்த்து வெகுநேரம் உண்மையாகவே கேட்டார். பிறகு, "எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க, அம்மா. கேட்டுதுன்னு சொன்னா உங்களுக்கு ஆறுதலா இருக்கும். உங்க பையனுக்கு அநியாயமாப் போயிருமுங்க" என்றார். அந்த அம்மா போகவில்லை. அண்ணனும் கடையைப் பாதி சாத்திவிட்டு, மகனைப் பற்றி அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். புறப்படும்போது அவர் முகம் வந்தபோது இருந்ததைவிடத் தெளிந்திருந்தது.

அண்ணனின் மனைவி அதற்குச் சில ஆண்டுகள் முன்பே காலமாகிவிட்டார். "அக்கா குரல் எப்பவாச்சும் கேட்டிருக்குங்களாண்ணா?" என்று தயங்கிக் கேட்டேன். "இல்லீங்க. ஆசைதான். ராத்திரி ரேடியோவை அமத்திட்டு உக்காந்து பாத்திருக்கறேன். வரலே." பட்டன் டப்பாக்களைத் துடைத்தபடியே சொன்னார்: "அத்தன வருசம் பக்கத்துலயே கேட்டேனுங்க. அது போதுமுங்க."

சென்ற மாதம், மயானத்தில் அண்ணனின் உறவினர் ஒருவர் நல்லெண்ணத்தோடு பேசினார். "அண்ணன் இப்ப நம்மளைப் பாத்து, அழுகாதீங்க, நான் எங்கயும் போகலேன்னு சொல்றாரு..." அவர் முடிப்பதற்குள் பிகாஷ் முன்னால் வந்தார். "அவரு சொல்லலீங்க" என்றார். கோபமில்லாமல், அழுதபடியே சொன்னார். பேச்சு நின்றுவிட்டது. அப்புறம் அங்கே இருந்த அத்தனை பேரும், நான் உட்பட, ஏதோ வரும் என்பது போலக் கொஞ்ச நேரம் காது கொடுத்து நின்றோம். ஒன்றும் வரவில்லை. தகன மேடைக்குப் பின்னால் இருந்த மோட்டாரின் உறுமல் மட்டும் கேட்டது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது காத்திருக்கும் பழக்கம். ஒருவர் பேசாமல் நின்றால், அந்த இடத்தை என் சொல்லால் நிரப்பாமல் இருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். இதை எழுதும்போதும் ஒவ்வொரு மேற்கோள் குறிக்குள்ளும் அவர் சொன்னதை மட்டுமே வைக்க முயன்றிருக்கிறேன். அவரை அறிந்தவர்கள் படித்துப் பாருங்கள். அவர் சொல்லாத சொல் ஒன்று எங்காவது நுழைந்திருந்தால் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறேன்.