இல்லாத பொத்தான்

ஆயத்த ஆடை கம்பெனியில் அவளுக்கு 'ரிஜெக்ட் அக்கா' என்று பெயர். தைத்து முடித்த சட்டைகள் எல்லாம் கடைசியில் அவள் மேசைக்குத்தான் வரும். குழல்விளக்கின் கீழே நின்றபடி காலரைத் திருப்பி, கையை உள்பக்கமாக இழுத்து, தையலை விரலால் தடவிப் பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் கெட்டதை ஒரு பக்கமும் போட வேண்டும். உட்கார்ந்து பார்க்கக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். உட்கார்ந்தால் கண் சொக்கிவிடுமாம். அந்தச் சட்டத்தைப் போட்டவர் சுழல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் போட்டார்.

நாள் முழுக்க நின்ற கால்களோடுதான் அவள் மாலைக் கல்லூரிக்குப் போய்வந்தாள். தனியாக இல்லை, புருஷனோடு. அவர் இன்சூரன்ஸ் ஆபீசில் கிளார்க். டிகிரி இருந்தால் ஆபீசர் ஆகலாம் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. மனிதருக்கு ஆசை இருந்தது, கூச்சமும் இருந்தது.

"அந்தச் சின்னப் பசங்களுக்கு நடுவுல நான் ஒருத்தன் எப்படிம்மா உக்கார்றது? நீயும் சேர்ந்துடு. பேச்சுத் துணைக்கு ஆச்சு" என்றார்.

பேச்சுத் துணைக்குப் போனவள் கொஞ்ச நாளில் எழுத்துத் துணையும் ஆனாள். வகுப்பில் மின்விசிறிக் காற்று மேலே பட்டதும் அவருக்குத் தலை தொங்கிவிடும். விழித்திருக்கும் நேரத்தில் மட்டும் எழுந்து நின்று கணீரென்று ஒரு கேள்வி கேட்பார். பேராசிரியர்களுக்கு அவர்மேல் நல்ல அபிப்பிராயம். அவளோ கடைசி பெஞ்சில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வீங்கிய பாதத்தைக் குளிர்ந்த தரையில் அழுத்திக்கொண்டு, சொல்வதை எல்லாம் எழுதிக்கொண்டிருப்பாள். யார் கண்ணிலும் படமாட்டாள்.

பாடம் படிப்பதில் அவளுக்குக் கஷ்டம் இல்லை. கட்டுரை எழுதுவதில்தான் நாய் படாத பாடு பட்டாள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒவ்வொரு மாதிரி எழுத வேண்டியிருந்தது. இலக்கியத்துக்கு வருகிறவர், "கதையை எனக்குத் திருப்பிச் சொல்லாதீங்க, அது எனக்கே தெரியும். நீங்க என்ன நினைக்கறீங்க?" என்பார். சரி என்று சுற்றுச்சூழல் பாடத்திலும் தான் நினைப்பதை எழுதினால், அந்தம்மா சிவப்பு மையால் ஒரே கோடாக அடித்து, 'உங்கள் நினைப்பு வேண்டாம், பார்த்ததை மட்டும் எழுதுங்கள்' என்று குறிப்பு எழுதுவார். பொருளாதாரக்காரருக்கு எதை எழுதினாலும் ஒரே கேள்விதான்: லாபம் யாருக்கு, நட்டம் யாருக்கு? சரித்திர மேடம் இன்னும் ஒரு படி மேலே. சொன்னது யார், ஏன் சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று மூன்றையும் கேட்பார். ஒரு மாமியாருக்கே மூச்சு முட்டும் உலகத்தில் அவளுக்கு நான்கு மாமியார்கள் வாய்த்தார்கள்.

ஆனால் எப்படியோ பிடிபட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு எழுத உட்காருவாள். அவள் முடித்ததும் அவர் அதை எதிரில் வைத்துக்கொண்டு, வார்த்தைகளை முன்னே பின்னே மாற்றி, தன்னுடையதை எழுதுவார். "ஐடியா கொஞ்சம் எடுத்துக்கறேன்" என்பார். கொஞ்சம் என்றால் முக்கால்வாசி. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே உலையில் வேகிறதுதானே என்று விட்டுவிட்டாள்.

கடைசி வருஷத்தில்தான் வினை வந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது என்பார்களே, அதுதான்.

சரித்திர மேடம் இரண்டு ஆவணங்களைக் கொடுத்திருந்தார். எப்போதோ ஒரு பருத்திக் கிடங்கில் தீப்பிடித்ததைப் பற்றி நிர்வாகம் எழுதிய அறிக்கை ஒன்று. தப்பிப் பிழைத்த ஒரு வேலைக்காரப் பெண் கொடுத்த வாக்குமூலம் ஒன்று. இரண்டையும் ஒப்பிட்டு ஆராய்ந்து எழுத வேண்டும். அறிக்கை, மேலாளர் எவ்வளவு தைரியமாகத் தண்ணீர் ஊற்றினார் என்று பக்கம் பக்கமாகப் பேசியது. அந்தப் பெண் புகையைப் பற்றியும், மாடி ஜன்னலிலிருந்து குதித்துக் கால் முறிந்ததைப் பற்றியும் சொல்லியிருந்தாள்.

அவள் அதைச் சட்டையைப் பார்ப்பது போலவே பார்த்தாள். அவள் மேசையில் கறை படிந்த சட்டை பிரச்சினையே இல்லை, அது தானாகக் கண்ணில் படும். பொத்தான் இல்லாத சட்டைதான் ஏமாற்றும். இல்லாதது எப்படிக் கண்ணில் படும்? அதைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அப்படித் தேடியபோது தட்டுப்பட்டது. இரண்டு தாளிலும் கதவு இல்லை. புகை இருக்கிறது, படி இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது. கதவு என்ற பேச்சே இல்லை. கதவு திறந்திருந்தால் எவள் ஜன்னலிலிருந்து குதிப்பாள்? அப்படியானால் பூட்டியிருந்திருக்கிறது. நிர்வாகம் அதை மறைத்ததில் ஆச்சரியம் இல்லை. அந்தப் பெண் ஏன் மறைத்தாள்? கால் சரியானதும் அதே கிடங்கு வேலைக்குத் திரும்பிப் போக வேண்டியவள், கதவைப் பற்றி எப்படிப் பேசுவாள்?

இதை எழுதி முடித்துப் பேனாவை மூடினாள். இவ்வளவு நாளில் முதல் முறையாக, தான் படிக்கிறவள் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதை அவரிடம் சொல்லவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தாள்.

அந்த வாரம் அவருடைய ஆபீசில் ஆடிட். தலைக்கு மேல் வேலை. வார்த்தை மாற்றக்கூட நேரம் இல்லாமல், மனிதர் ஈயடிச்சான் காப்பி அடித்துவிட்டார். ஆபீஸ் கல்லூரிக்குப் பக்கம் என்பதால் முதலில் கொண்டுபோய்க் கொடுத்ததும் அவர்தான். அவளுக்கு ஏற்றுமதி அவசரம், மறுநாள்தான் கொடுக்க முடிந்தது.

அடுத்த வாரமே சரித்திர மேடம் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் இரண்டு கட்டுரைகளும் அருகருகே கிடந்தன.

"ரொம்ப நல்ல கட்டுரை. அதான் வருத்தமா இருக்கு. ஒண்ணைப் பார்த்து இன்னொண்ணு எழுதியிருக்கு" என்றார் மேடம்.

"நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் மேடம் படிப்போம்" என்று அவர் சிரித்துப் பார்த்தார்.

"சேர்ந்து படிங்க, வேண்டாம்னு சொல்லலை. சேர்ந்து எழுத முடியாது." மேடம் அவளைப் பார்த்தார். குரல் கொஞ்சம் இளகியது. "சார் கட்டுரை ஒரு நாள் முன்னாடியே வந்துடுச்சும்மா. வேலைக்கும் போய்ட்டு வர்றீங்க, அசதி எனக்குப் புரியுது. ஆனா பார்த்து எழுதினவங்களுக்குப் பூஜ்யம்தான். இந்தப் பாடத்தை அடுத்த வருஷம் திரும்பப் படிக்கணும்."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். இப்போது வாயைத் திறப்பார், இதோ திறப்பார் என்று காத்திருந்தாள். அவர் கல்லுளிமங்கன் மாதிரி, ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளும் பேசவில்லை. பேசியிருக்கலாம். மூன்றாம் மனுஷி முன்னால் புருஷனை விட்டுக்கொடுத்து அவளுக்குப் பழக்கம் இல்லை. அதோடு, அந்த அறையிலிருந்து அவளும் அவரோடுதான் ஒரே வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும். ஜன்னலிலிருந்து குதித்தவள் ஏன் பேசவில்லை என்று கட்டுரை எழுதியவளுக்கு, அது அப்போதுதான் முழுசாகப் புரிந்தது.

ரெண்டு பேரும் எதுவும் சொல்லாததைப் பார்த்து மேடம் பெருமூச்சு விட்டார். "திங்கக்கிழமை ரெண்டு பேரும் தனித்தனியா விளக்கம் எழுதிக் கொண்டு வாங்க. இந்தக் கதவு விஷயம் உங்களுக்கு எப்படித் தோணுச்சு, எந்த வரியிலேர்ந்து தோணுச்சு, அதையும் எழுதுங்க."

பஸ்ஸில் இடம் கிடைத்தது. கிடைத்தும் அவளுக்குக் கால் வலி குறையவில்லை. இரண்டு நிறுத்தம் தாண்டியதும் அவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"இந்த வருஷம் விட்டா எனக்குப் புரமோஷன் போச்சு."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"நீதான் பார்த்து எழுதினேன்னு சொல்லிடேன். உனக்கென்ன, சும்மா படிக்கறதுதானே."

அவளுக்குப் பொங்கி வந்தது. சும்மாவா? நின்று நின்று நரம்பு சுருண்ட காலோடு, கண் எரிய எரிய, நாலு பேராசிரியருக்கு நாலு விதமாக எழுதியது சும்மாவா? அடுத்த வருஷம் இன்னொரு முறை வர அவள் உடம்பில் தெம்பு இல்லை. இப்போது போனால் டிகிரி போனதுதான், அது அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தாள். ஆனால் சண்டை போடவும் தெம்பு வேண்டுமே. கண்ணை மூடிக்கொண்டாள்.

வீட்டில் ரெண்டு நாள் பேச்சு இல்லை. சாப்பாடு மட்டும் வந்தது. பத்தாவது படிக்கும் மகள் அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, அம்மா எழுதின அந்தக் கதவு கட்டுரைக்கு எவ்வளவு மார்க் வந்துச்சு? என்கிட்ட படிச்சுக் காட்டினாங்களே, சூப்பரா இருந்துச்சு."

அவருக்குப் புரையேறியது. மகள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் முதல் முறையாக அவர் தனியாக உட்கார்ந்தார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தாளைக் கிழிக்கும் சத்தம் கேட்டது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது. கடைசியில் எழுந்து வந்து எதிரில் நின்றார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"கதவு எப்படித் தோணுச்சுன்னு எழுதச் சொல்றாங்க. எனக்கு எங்கம்மா தோணுச்சு? அந்த ரெண்டு தாளை நான் இன்னைக்குத்தான் படிக்கறேன்."

அவள் மடித்த துணியை அடுக்கினாள்.

"நான்தான் காப்பி அடிச்சேன்னு எழுதிடலாம்னு பார்க்கறேன்."

அவள் கை நின்றது.

"ஆனா எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலை. நீ எழுதிக் குடேன். நான் பார்த்து எழுதிக்கறேன்."

ஒரு கணம் அவளுக்குக் காதில் விழுந்தது நிஜமா என்றே தெரியவில்லை. அப்புறம் சிரிப்பு வந்தது. துணிக்குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பாதிக்கு மேல் அது சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. மனிதர் ஒன்றும் புரியாமல் நின்றார்.

"உக்காருங்க. நீங்களே எழுதுங்க, நான் பார்க்கறேன்" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

முதலில் எழுதியது இது: 'சில தவிர்க்க முடியாத சூழ்நிலைகளின் காரணமாக இரு கட்டுரைகளிலும் ஒற்றுமை ஏற்பட்டுவிட்டது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.'

"இது உங்க ஆபீஸ்ல க்ளெய்ம் இல்லைன்னு எழுதற லெட்டர். தானா ஏற்பட்டுச்சா? சரித்திர மேடம் ஒத்துக்க மாட்டாங்க. ரிஜெக்ட்."

அடுத்ததில் ஆடிட் வந்தது, மேலதிகாரியின் கோபம் வந்தது, தலைவலி வந்தது, மழைகூட வந்தது.

"கதை சொல்லாதீங்க. இலக்கிய சார் இருந்தா முழுசா அடிச்சிருப்பார்."

மூன்றாவதில், 'என் மனைவியின் சிறு உதவியோடு' என்று இருந்தது. அவள் அதன்மேல் விரலை வைத்தாள். "உதவியா? லாபம் யாருக்கு, நட்டம் யாருக்கு?"

அவர் அந்தத் தாளைக் கசக்கிப் போட்டார். புதுத் தாள் எடுத்தார். இந்த முறை வெகு நேரம் யோசித்து, இரண்டே வரி எழுதி நீட்டினார். 'கட்டுரை என் மனைவி எழுதியது. நான் அதைப் பார்த்து எழுதினேன்.'

அவள் வாங்கிப் படித்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, இன்னொரு முறை படித்தாள்.

"சரியா இருக்கா?"

"இருக்கறதெல்லாம் சரியா இருக்கு. ஒண்ணு இல்லை."

"என்ன இல்லை?"

"தேடுங்க."

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவள் மீதித் துணியை மடித்து, அலமாரியில் வைத்து, மூன்று பேருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தாள். அவர் இன்னும் குனிந்தபடி இருந்தார். டீ ஆறி ஆடை கட்டியது. பிறகு, அவளைப் பார்க்காமலே, மூன்றாவது வரியை எழுதினார். 'நீங்கள் அவளைக் குற்றம் சொன்னபோது நான் பேசாமல் இருந்தேன்.'

அவள் அதைப் படித்துவிட்டுத் தாளை அவர் பக்கமே நகர்த்தி வைத்தாள். ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு போய்ச் சூடு பண்ணிக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை இருவரும் அதே அறையில் நின்றார்கள். மேடம் அவளுடைய விளக்கத்தைப் படித்தார், பொத்தான் என்று வந்த இடத்தில் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அப்புறம் அவருடைய தாளை எடுத்தார். மூன்று வரிதான், ஆனால் கீழே வைக்க நேரம் ஆயிற்று.

"தப்பு என் மேலயும் இருக்கு. உங்களைக் கேட்காமலேயே முடிவு பண்ணிட்டேன்" என்று அவளிடம் சொன்னார். பிறகு அவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்குப் பூஜ்யம்தான் சார், அதை மாத்த முடியாது. ஒண்ணு மட்டும் கேக்கறேன். இதையாவது நீங்களே எழுதினீங்களா?"

அவர் சட்டென்று அவளைப் பார்த்தார். அவள் தலையை உயர்த்தி, மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் மேடம் பக்கம் திரும்பினார்.

"ஆமா மேடம்" என்றார். "அஞ்சு தடவை எழுதினேன்."