யார் போட்ட குண்டு

தேனாம்பேட்டையில் ஒரு செய்திச் சேனலில் தலைப்பு எழுதுவது என் பிழைப்பு. தீவிரவாதிகளை ஒழிக்கிறோம் என்று நமக்கு வேண்டிய நாடு குண்டு போட்டால் அது 'பதிலடி'. வேண்டாத நாடு போட்டால் 'வெறியாட்டம்'. இதை யாரும் சொல்லித்தரவில்லை, கை தானாகப் பழகிவிட்டது.

ஒரு மாலை, இடிந்த வீட்டிலிருந்து ஒரு சிறுமியின் உடலைத் தூக்கிவரும் காட்சி வந்தது. எந்த ஊர், யார் போட்ட குண்டு, ஒன்றும் தெரியவில்லை. 'குண்டுவீச்சில் சிறுமி பலி' என்று திரையில் ஏற்றினேன். எடிட்டர் ஓடிவந்தார்.

"போட்டது யாருன்னே தெரியாது, அதுக்குள்ள ஏத்திட்டீங்களே சார்! மொதல்ல எடுங்க. நம்ம கவர்மென்ட் என்ன சொல்லுதுன்னு பாத்துக்கலாம்."

எடுத்துவிட்டேன். அரசின் அறிக்கை வரும்வரை, அந்தப் பிள்ளைக்காக வருத்தப்படலாமா கூடாதா என்று தெரியாமல் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.